கடற்கரைப் பக்கம் போக வேண்டாம்

கொரோனா காலத்தில் எங்கள் ஊராட்சியின் குரல் நான்தான். ஆட்டோவின் தலையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் தினமும் காலையில் தெருத்தெருவாக, "காய்ச்சல், இருமல் இருந்தால் உடனே தெரிவியுங்கள், மறைக்காதீர்கள்" என்று சொன்னவள் நான். முதலில் மறைத்தவளும் நான்தான். ஊருக்குச் சொல்வது ஒன்று, வீட்டில் செய்வது ஒன்று என்பது நம் நாட்டில் புதிதல்ல என்பதால் அப்போது பெரிதாக உறுத்தவில்லை. இப்போது உறுத்துகிறது.

ஆமத்தூரைத் தாண்டிச் சிவகாசிக்குப் போகும் வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கரிசல் காடு, கருவேல மரம், அதற்கு நடுவே பட்டாசுக் கம்பெனிகள் தள்ளித் தள்ளிக் கட்டிய ஒற்றை அறைகள். சமூக இடைவெளி என்ற சொல்லை அரசாங்கம் கண்டுபிடிப்பதற்கு முன்பே இடைவெளி விட்டு வேலை பார்த்தவர்கள் நாங்கள். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் அல்லவா. அப்படியோர் அறையில் மருந்து கலக்குகிறவர் என் வீட்டுக்காரர். நான் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது சம்பளத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

சும்மா இருந்தவளைத் தேடி ஊராட்சிச் செயலர் வந்தார். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டியிருந்தார். நோய் தாடை வழியாகத்தான் ஏறும் என்று ஊரே நம்பியது போல அப்போது எல்லோரும் அங்கேதான் மாட்டியிருந்தோம். தினசரி அறிவிப்பைப் படிக்க ஆள் வேண்டுமாம். ஊரிலேயே பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசிப் பழகியவள் நான் ஒருத்திதானாம். கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், இத்தனை வருடம் தான் ஒருவரே கேட்டுக்கொண்டிருந்ததாகவும் இனி ஊரும் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்றும் சொல்லி உடனே சம்மதம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டிலும் என்னை டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

செயலர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் அறிக்கையைப் படித்துப் பார்த்தேன். நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. "ஊராட்சி மக்களுக்கு அன்பான வேண்டுகோள்" என்று தொடங்கி, கை கழுவச் சொல்லி, நடுவில் "பொழுதுபோக்கிற்காகக் கடற்கரையில் கூடுவதைத் தவிர்க்கவும்" என்றது. எங்கள் ஊரில் குடிதண்ணீரே எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். கண்மாயில் தண்ணீரைப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

போன் போட்டு விசாரித்தேன். செயலருடைய மச்சினர் ஏதோ ஒரு கடற்கரை ஊரின் மாநகராட்சியில் வேலை பார்க்கிறாராம். அந்த மாநகராட்சி தினமும் மக்களுக்கு அறிக்கை விடுகிறது. மச்சினர் அதை இவருக்கு அனுப்புகிறார். இவர் 'மாநகராட்சி' வரும் இடத்தில் எல்லாம் 'ஊராட்சி' என்று மாற்றி எனக்கு அனுப்புகிறார். கடற்கரையை மட்டுமாவது எடுத்துவிடலாமே என்றேன்.

"நாம பாட்டுக்கு எடுத்துட்டு, நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு டீச்சர் பதில் சொல்றது? நோயைப் பத்திச் சொன்னதைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது" என்றார்.

அப்படியே படித்து, போனில் பதிவு செய்து செயலருக்கு அனுப்பினேன்; ஆட்டோ அதை ஊரெல்லாம் போட்டுக்கொண்டு போனது. கை கழுவுவதற்குத் தண்ணீர் இல்லை, முகக்கவசம் தாடையில் இருந்தது, ஆனால் கடற்கரையில் கூட வேண்டாம் என்பதை மட்டும் ஊர் ஒருவர் தப்பாமல் கடைப்பிடித்தது. நான் படித்த அறிவுரைகளில் முழுதாக நடைமுறைக்கு வந்தது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் மீன் வந்தது. அதாவது, அறிக்கையில் வந்தது. "மீன் ஏலம் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை மட்டும் நடைபெறும்" என்று ஒரு வரி. குறைக்கக் கூடாது என்றாரே, படித்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் பாதி ஊர் வயர்கூடையோடு நின்றது. ஊரடங்கு தொடங்கியதிலிருந்து அவ்வளவு பேர் ஒரே இடத்தில் கூடியது அன்றைக்குத்தான். கூட்டியது சுகாதார அறிவிப்பு. கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் இருந்தார். அறிக்கை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த மனிதர், ஒருவேளை மீன் வந்தாலும் வந்துவிட்டால் என்று போயிருக்கிறார். அறிவித்தவளின் புருஷன் என்பதால் நாலைந்து பேர் அவரிடம் விலை கேட்டார்களாம். எட்டு மணி வரை நின்று, சரக்கு முந்தியே தீர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். கடல் இல்லாத ஊருக்கு மீன் ஏலம் எப்படி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆட்டோவில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சிரித்துக்கொண்டிருந்த காலம் அதோடு முடிந்தது. சுகாதாரத் துறையிலிருந்து கணக்கெடுக்க ஓர் இளம்பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். வீடு வீடாக நெற்றியில் கருவியைக் காட்டிக் காய்ச்சல் பார்த்துவிட்டு, வாசனை தெரிகிறதா என்று கேட்டாள். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். இங்கே வாடை என்றால் கந்தக வாடைதான். வெளியூர்க்காரர்கள் தெருவில் நுழைந்ததும் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது, பழகிப்போனது. அதனால் முதல் வீட்டில், வாடை தெரியாமல் போய் வருசக்கணக்காகிறது தாயி என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். மூன்றாவது வீட்டில், தங்கள் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்குமே தெரியாது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்கள். அந்தப் பெண் வீட்டுக்கு வீடு தள்ளித் தள்ளி நின்று கேட்டு, கடைசியில் தெருமுனையிலிருந்தே கத்திக் கேட்டாள்.

மத்தியானம் தகரம் வந்தது. தெருவின் இரண்டு முனையிலும் ஆளுயரத் தகரத்தை வைத்து அடைத்தார்கள். பதினான்கு நாள். எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் கம்பெனிகள் பாதி ஆட்களை வைத்துத் திறந்திருந்த நேரம் அது. எங்கள் தெருக்காரர்கள் இடத்தில் வேறு ஊர் ஆட்களைப் போட்டுவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி மறுபடி உள்ளே நுழைவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தகரத்தைக் கழற்றிய அன்று தெருவே கூடி ஒரு முடிவுக்கு வந்தது. இனி யார் வந்து எதைக் கேட்டாலும், நன்றாக இருக்கிறோம், எல்லா வாசனையும் தெரிகிறது, அவ்வளவுதான். இன்னொரு தகரத்துக்குக் காரணமாகிறவர் அதற்குப் பிறகு தெருவில் தலைகாட்ட முடியாது. நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு மறுநாள் காலை ஆட்டோவில் "மறைக்காதீர்கள்" என்றேன்.

ஆடிக் காற்று தொடங்கியது. தீபாவளி ஆர்டரை நம்பிக் கம்பெனிகள் வேகம் பிடித்த நேரத்தில் என் வீட்டுக்காரருக்கு உடம்பு சுட்டது. காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அன்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். மனிதர் தெருமுனையில் வரும்போதே யார் வீட்டில் கருவாடு, என்ன கருவாடு என்று சொல்லிவிடுவார். கந்தகத்துக்கு மரத்துப்போன அந்த மூக்கு கருவாட்டை மட்டும் விட்டதே இல்லை. அன்று தட்டில் ஊற்றிய பிறகு, இது என்ன குழம்பு என்று கேட்டார். நான் சிரித்தேன். கணக்கெடுக்க வந்த பெண்ணைக் கூப்பிடட்டுமா என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

மறுநாள் காலை வழக்கம்போல முன்னறையில் நின்று போனில் அறிவிப்பைப் பதிவு செய்தேன். அறிக்கையின் கடைசி வரிகள் மட்டும் செயலரின் சொந்தச் சரக்கு. "நம் ஊராட்சியில் நோய்த்தொற்று இல்லை. உயிரிழப்பு எதுவும் இல்லை. நன்றி, வணக்கம்." யாரிடமும் கேட்காமல் தினமும் இதையே எழுதி அனுப்புவார். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, துண்டை வாயில் அமுக்கி, நான் முடிக்கும் வரை இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். என் வேலை கெட்டுவிடக் கூடாது என்று. நான் வணக்கம் சொல்லி, நிறுத்துவதற்கு விரலைக் கொண்டுபோவதற்குள் அடக்கியது உடைந்துவிட்டது. மூன்று இருமல். தண்ணீர் எடுக்க ஓடிய அவசரத்தில், திரும்பக் கேட்டுப் பார்க்காமல் அதை அப்படியே அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தது. உயிரிழப்பு எதுவும் இல்லை, நன்றி, வணக்கம் என்றது என் குரல். அப்புறம் ஊரே கேட்க என் வீட்டுக்காரர் இருமினார். தகரம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அதற்குள் செயலரிடமிருந்து போன்.

"டீச்சர், கடைசியில ஒரு இருமல் வச்சிருக்கீகளே, எங்கன பிடிச்சீக? போன்ல வாரதை விட இது அசலா இருக்கு. இனிமே தினமும் இதையே போட்டுருவோம்."

யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஓர் இருமல், பிறகு அறிவுரை, அதற்கும் பிறகுதான் மணி அடிக்கும் என்றிருந்த காலம் அது. ஊரும் இந்த இருமலை அந்தக் கணக்கிலேயே எடுத்துக்கொண்டது. ஒருத்தியைத் தவிர. பக்கத்து வீட்டுக்காரி, பழக்கத்தில் என்னை மதினி என்பவள், சுவருக்கு மேலே தூக்குவாளியில் கபசுரக் குடிநீரை நீட்டினாள்.

"அது அண்ணன் இருமல்தான மதினி? இந்தத் தீவாளி லோடு ஏத்துற வரைக்கும் மூச்சு விட்டுறாதீக. இன்னொருக்கத் தகரம் அடிச்சா நாங்க அம்புட்டுப் பேரும் எங்கன போவோம்?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் சொல்லாவிட்டாலும் நான் மூச்சு விட்டிருக்க மாட்டேன். ஒரு நாள் தவறாமல் கஷாயம் கொண்டுவந்ததும் அவள்தான். நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஆவி பிடித்தோம். மற்ற நேரங்களில் அடக்கிக்கொண்டிருப்பவர், ஆட்டோ வரும் நேரத்தில் மட்டும் நன்றாக விட்டு இருமுவார். வெளியே கேட்டாலும் ஆட்டோதான் என்று நினைத்துக்கொள்வார்கள். மைக்கில் பேசத் தனக்கும் ஒரு சான்ஸ் கிடைத்துவிட்டதாக அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஐந்தாம் நாள் காலை அவரால் நாலு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. நான் தினமும் ஊருக்குப் படித்துக் காட்டிய உதவி எண்ணை அன்றுதான் நானே அழுத்தினேன். இருமல் கேட்டது, அறிவுரை கேட்டது, பிறகு மணி அடித்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவே வாசலில் நின்றது. அவர் யாரையும் பிடிக்கவிடாமல் தானே நடந்தார். படியில் ஏறி, திரும்பி, கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்.

"டீச்சர்... கடற்கரைப் பக்கம்... போயிறாதீக."

முழு உடுப்புப் போட்டிருந்த ஊழியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவர் கடைசியாகப் பார்த்தது சிரித்த முகம் என்று என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு. அன்று கவசம் சரியாக மூக்கு வரை ஏறியிருந்தது, அவருக்குச் சிரிப்பு தெரிந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

தகரம் மறுபடி வந்தது. நான் உள்ளே இருந்தேன். புதிதாகப் பதிவு செய்து சிரமப்பட வேண்டாம், பழையதே நன்றாக இருக்கிறது என்று செயலர் சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். முகம் பார்க்க விடவில்லை. எல்லாவற்றையும் விருதுநகரிலேயே முடித்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி அழுதாள், இந்தப் பக்கம் நான் அழுதேன். நான்கு நாள் முந்திக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு ஆட்டோ வந்து தகரத்துக்கு வெளியே நின்றது. கடற்கரையில் கூட வேண்டாம் என்றேன். மறைக்காதீர்கள் என்றேன். நம் ஊராட்சியில் உயிரிழப்பு எதுவும் இல்லை, நன்றி, வணக்கம் என்றேன். அப்புறம் அவர் இருமினார்.

சாயங்காலம் செயலர் கூப்பிட்டார். இருமல் யாருடையது என்று அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் போய்விட்டது, இப்போதே அழித்துவிடுகிறேன் என்றார். தகரத்தைக் கழற்றுகிற வரைக்கும் ஓடட்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். உள்ளே இருந்தவளுக்குக் காலையில் எழுந்திருக்க வேறு காரணம் இல்லை.

அந்தப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. அவர் சத்தம் என்று என்னிடம் மிச்சம் இருப்பது அந்த மூன்று இருமல்தான். முன்னால் இருப்பதை வெட்டிவிட்டு அதை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் டீச்சர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அவரைக் கேட்க வேண்டுமென்றால், நான் சொன்னதை எல்லாம் கடற்கரையிலிருந்து வணக்கம் வரைக்கும் முதலில் நான் கேட்டாக வேண்டும்.