அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு கழித்தல்

பழுப்புத்தாள் அட்டை போட்ட என் கணக்கு நோட்டு, விடுதி அறைத்தோழனின் மடியில் விரிந்து கிடந்தது. யுத்த காலம்; பெட்ரோல் இல்லாமல், பின்னால் அடுப்பு வைத்துக் கரிவாயுவில் ஓடும் பஸ். சுதந்திரப் போராட்ட ஊர்வலங்களுக்குப் பயந்து மதுரையில் கல்லூரியை மூடி எங்களை அனுப்பியிருந்தார்கள். நான் அருப்புக்கோட்டைக்கு, அவன் திருச்சுழிப் பக்கத்துக்கு. பாதிரியார் சிபாரிசில் படிக்க வந்த கூலிக்காரர் மகன் அவன். போலீஸ் தொட்டால் படிப்பு போச்சு. அது தெரிந்தும், நோட்டின் அட்டைக்குள் தடைசெய்யப்பட்ட துண்டறிக்கை ஒன்றை ஒளித்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.

காரியாபட்டி தாண்டி, உடைமரங்களுக்கு நடுவே போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார்.

"என்னடா இது, சங்கேத எழுத்தா? எச்சுன்னா யாரு?"

"ஆளில்லய்யா, கணக்குல வர்ற இங்கிலீஷ் எழுத்து. எச்சு ஒரு சின்ன வித்தியாசம். கடைசியில இல்லாமப் போயிரும்."

"எங்க போவான்?"

யாரும் சிரிக்கவில்லை. அவனைக் கீழே இறக்கினார். ஒரு கணக்கைக் காட்டி, விடையை உள்ளங்கையால் மறைத்தார். "புழுதியில போட்டுக் காட்டு. பிசகுச்சு, ஸ்டேஷன்தான்."

எக்ஸ் வரும் இடமெல்லாம் எக்ஸோடு எச்சைக் கூட்டி எழுதி, பழையதைக் கழித்து, மிஞ்சியதை எச்சால் வகுத்துச் சுருக்கி, கடைசியில் எச்சைப் பூஜ்யமாக்க வேண்டும். தூக்கத்திலும் போடுவான். அன்று ஒரு குச்சியை எடுத்துப் புழுதியில் கீறினான். அடைப்புக்குறியைப் பிரிக்கையில், முன்னாலிருந்த கழித்தலை எக்ஸுக்கு மட்டும் கொடுத்துவிட்டு எச்சுக்குக் கூட்டல் போட்டான். ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தை போதும். ஆனால் வாய் திறந்தால் நோட்டு யாருடையது என்ற கேள்வி வருமே! தலையைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டேன். விடையில் கூட்டல் மூன்று வந்தது. நோட்டில் இருந்ததோ கழித்தல் மூன்று. அறை விழுந்த சத்தம் பஸ்ஸுக்குள் கேட்டது.

கன்னத்தைப் பிடித்தபடி வரிவரியாகத் திரும்பப் பார்த்தான். "அய்யா, இங்கன கழித்தல் ரெண்டுக்கும் போவணும். விட்டுட்டேன்." காலால் அழித்துத் திருத்தினான். இன்ஸ்பெக்டர் புழுதியையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நோட்டை அவன்மேல் எறிந்தார்.

நோட்டை அவனிடமிருந்து வாங்கி வந்து, வீட்டில் அட்டையைப் பிரித்தேன். துண்டறிக்கை இல்லை. போலீஸிடம்தான் சிக்கியிருக்கிறது என்று, கல்லூரி திறக்கும்வரை தெருவில் கேட்ட ஒவ்வொரு பூட்ஸ் சத்தத்துக்கும் செத்துப் பிழைத்தேன்.

திறந்த அன்று அவன் சொன்னான்: "ஏலே, நோட்டைப் பிரிச்சதுமே பார்த்துட்டேன். காரியாபட்டியில கரி போட பஸ்ஸை நிறுத்துனப்பவே அடுப்புல போட்டுட்டேன்."

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் பலகாரத்தோடு வருவான். பேச்சின் நடுவே ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்ப்பான். இப்போது கேட்டுவிடுவானோ என்று நான் பலகாரப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவேன்.