சரஸ்வதி பூஜையன்று வேலை பார்த்த கம்ப்யூட்டர்

கேட்காமல் வீட்டுக்குள் வந்து, அடுக்களைச் சாமான்களையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, "இனிமே வசதியா இருக்கும்" என்று சொல்லிப் போகிறவளை நாம் திரும்ப உள்ளே விடுவோமா? கம்ப்யூட்டரில் அதைச் செய்கிறவர்களுக்குப் பெரிய சம்பளம் கொடுக்கிறார்களாம்.

செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் வீட்டுக்காரரின் ரெக்கார்டிங் அறை. கோயில் பாட்டு, சர்ச் பாட்டு, ஆட்டோவில் போட்டுக்கொண்டு போகிற அறிவிப்பு எல்லாம் இங்கே பதிவாகும். அவர் காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்பார். கண்புரை எடுத்த பிறகு அவருக்குத் திரை கூசுவதால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது நான். அஞ்சாவது வரை படித்தவள், இங்கிலீஷ் வராது. இடத்தைப் பார்த்துத்தான் வேலை. இடமிருந்து மூணாவது படம், அதற்குள் போனால் சிவப்புப் பொட்டு, அவ்வளவுதான். பாட வருகிறவர்களிடம் பேச எனக்குக் கூச்சம். ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பேன். உள்ளே ஒரு ஆள் இருப்பதே தெரியாமல் போனவர்கள் நிறையப் பேர்.

வருஷத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டருக்குப் புதுசு என்று ஒன்று இன்டர்நெட் வழியாக வரும். ஒரு வருஷம் கீழே வரிசையாக இருந்த படங்கள் நடுவுக்கு நகர்ந்தன. இன்னொரு வருஷம் கட்டங்களின் மூலை மழுங்கி வந்தது. மூலையை மழுக்க ஒரு வருஷம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நேற்று வேலை செய்தது இன்றைக்கும் செய்யவேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. மைக்குக்கும் ஹெட்போனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கம்ப்யூட்டர் திரையில் சரஸ்வதி படத்தைப் போட்டு, அதற்கே கற்பூரம் காட்டுவார். மறுநாள் காலை மறுபூஜை வரை யாரும் தொடக்கூடாது, அணைக்கவும் கூடாது. போன வருஷம் அப்படிப் படைத்து, பொரிகடலை தின்றுகொண்டிருந்தோம். வீணைக்கு மேலே ஒரு கட்டம் வந்து நின்றது. உள்ளே எண்கள்.

"ஏங்க, என்னமோ எண்ணுது."

"பூஜையில வெச்சது. கை வெக்காத."

"கொறஞ்சிக்கினே வருதுங்க."

"வரட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம். அதுக்கு மட்டும் இன்னா அவசரம்?"

எண் தீர்ந்தது. சரஸ்வதி போய்விட்டாள். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு ஊர்ந்தது. ஊரில் அன்றைக்கு ரம்பத்துக்கு ஓய்வு, தையல் மெஷினுக்கு ஓய்வு, லாரிகூட மாலை போட்டுக்கொண்டு நின்றது. வேலை பார்த்தது இது ஒன்றுதான்.

மறுநாள் காலை சிதம்பரத்திலிருந்து ஒரு அம்மா தங்கையோடு வந்தார். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் கட்டி. அன்று மூணு மணிக்குள் பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும், அடுத்த நாள் ஆபரேஷன், அதற்குப் பிறகு குரல் இருக்காது. வீட்டில் தினமும் பேசுகிற பேச்சைப் பதிந்து வைத்துக்கொள்ள வந்திருந்தார்.

மறுபூஜை முடித்துக் கம்ப்யூட்டரைத் தொட்டேன். மூணாவது இடத்தில் வேறு ஏதோ படம். தேடிப் பிடித்துச் சிவப்புப் பொட்டை அழுத்தினேன். பேசினால் துள்ளவேண்டிய கோடு படுத்தே கிடந்தது. மைக் ஒயர் வந்து சேருகிற பெட்டியை இதற்கு அடையாளமே தெரியவில்லை. சென்னையில் இருக்கும் எங்கள் மகனை என் வீட்டுக்காரர் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கூப்பிட்டார்.

"அந்தப் பெட்டி இந்தப் புதுசுக்கு ஒத்துவராதுப்பா. பெட்டி செய்யற கம்பெனிக்காரன் இதுக்குன்னு இன்னும் எதுவும் விடல. ஒரு மாசம் ரெண்டு மாசத்துல விட்டுடுவான்."

"பழையபடி ஆக்குடா."

"ஆக்கலாம். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போடணும். ஒரு நாள் ஆவும்."

அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு நாள் இல்லீங்களே" என்றார். சாக்பீஸ் இல்லை என்று வகுப்பில் சொல்வது போலத்தான் சொன்னார்.

பீரோவில் ஒரு கைரெக்கார்டர் கிடந்தது. திருவிழாவுக்கு எடுத்துப் போவது. இரண்டு பேட்டரி, இரண்டு பொத்தான், இன்டர்நெட் கிடையாது. எடுத்துவந்து நீட்டினேன்.

"அதுல ஃபேன் சத்தமெல்லாம் ஏறும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஃபேன நிறுத்துங்க."

வெளி ஆள் முன்னால் நான் வாய் திறந்ததை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். ஃபேனை நிறுத்தினார்.

அந்த அம்மா உட்கார்ந்தார். ரெக்கார்டரைப் பார்த்தார். "யாருமே இல்லாம யாரங்க கூப்புடுறது?" என்றார். தங்கை புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார், அவரால் ஆகாது. நான் போய் எதிரே உட்கார்ந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்துப் பேச, நான் பதில் சொன்னேன்.

"சாப்பாடு ஆறுது, வா."

"தோ வரேன்."

"கொடை எடுத்துக்கினியா?"

"எடுத்துக்கினேன்."

"போனதும் ஒரு போன் பண்ணு."

"ம்."

இப்படி முக்கால் மணி நேரம். தெருவில் கோலமாவு வண்டி போனது, அதுவும் ஏறியிருக்கும்.

ஒன்றரை மாசம் கழித்து அந்தப் பெட்டிக்கு வேண்டியது வந்தது. நடுவில் ஒன்றுமே நடக்காதது போலக் கம்ப்யூட்டர் அதைச் சேர்த்துக்கொண்டது. கைரெக்கார்டரில் இருந்ததை அதில் ஏற்றி வைத்தோம். அந்த அம்மா கழுத்தில் துணி சுற்றி, கையில் நோட்டோடு வந்தார்.

"எங்க வீட்டம்மா பதில் சொல்ற எடத்தையெல்லாம் வெட்டிக் குடுத்துடறேங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த அம்மா நோட்டில் எழுதி என் பக்கம் திருப்பினார். போர்டில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்து. 'அவர்கள் இருக்கட்டும்.'

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தேன். மூலையில் ஒரு கட்டம் வந்து நின்றது. அந்த அம்மா அதைப் படித்துவிட்டு எனக்காக எழுதினார். 'புதியது தயாராக உள்ளதாம். இப்போது போடவா, பிறகு போடவா என்று கேட்கிறது.'

"வேணாம்னு சொல்ல எடம் இருக்குதா பாருங்க டீச்சர்."

குனிந்து தேடினார். இல்லை என்று தலையாட்டினார்.

எழுந்து போய் சுவரிலிருந்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினேன். இதுவரை திரும்பச் செருகவில்லை.