அமுதா நீக்கச் சொன்ன சொல்

பெங்களூர் மெட்ரோவில் வைட்ஃபீல்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அமுதாவின் தங்கை அழைத்தார். "அக்கா போயிட்டாங்க, பிரபு. காலையில நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." அடுத்த நிலையத்தில் இறங்கி, ஆஸ்டின் டவுனில் அமுதாவின் வீட்டுக்குத் திரும்பினேன்.

இணையத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியம் எழுதும் நம் எல்லோருக்கும் அமுதா என்றால் கண்டிப்பு. அவர் வீடு வீடாகப் போய் இரத்த மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தது பலருக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஸ்கூட்டரை ஓரம் நிறுத்தி, கைப்பேசியிலேயே கட்டுரைகளைத் திருத்துவார்.

எங்கள் சண்டை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். தேர்தல் மேடையில் வேட்பாளர் ஒருவர், மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் உழைத்து வாழும் தமிழர்களை ‘இரவல் ஓட்டர்’ என்றார். இரண்டே நாளில் அந்தச் சொல் எல்லார் வாயிலும் இருந்தது. நான் ஆவேசத்தோடு கலைக்களஞ்சியத்தில் அதற்கு ஒரு பக்கம் எழுதினேன். நீக்க வேண்டும் என்று அமுதா முன்மொழிந்தார். உடனே தொலைபேசியில் கேட்டேன்:

"உங்க தெரு ஆளுங்களைத்தானே சொல்றான்? நீங்களே எடுக்கச் சொல்றீங்களே?"

"என்னைத்தான் சொல்றான். அதுக்காக, அவன் நேத்து சொன்னதுக்கு நாம இன்னிக்கே பக்கம் போட்டுக் குடுக்கணுமா? நீங்க சான்றா நாலு செய்தி காட்டியிருக்கீங்க. நாலும் ஒரே பேச்சு. அந்தச் சொல்லைப் பத்தி யாராவது உட்கார்ந்து எழுதட்டும், பாக்கலாம்."

பக்கம் நீக்கப்பட்டது. சில மாதம் நான் அவரோடு பேசவில்லை.

பிறகு தொம்மலூரில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். வாக்காளர் அட்டையில் முகவரி மாற்றப் போன அவருடைய அம்மாவை, அலுவலகத்தில் ஒருவர் "இரவல் ஓட்டரா?" என்று கேட்டுச் சிரித்தாராம். சொல்லிவிட்டு அமுதா டீயைத் தள்ளி வைத்தார். "இதையே எழுதுங்களேன்" என்றேன்.

"எங்கம்மா அழுதது எனக்குத் தெரியும். படிக்கிறவங்க அதை எங்க போய்ச் சரிபார்ப்பாங்க?"

அடுத்த ஆண்டு அந்தச் சொல்லை ஆராய்ந்து ஒரு புத்தகமும் இரண்டு கட்டுரைகளும் வந்தன. மூன்றையும் படித்து முடித்த அமுதா, பழைய பக்கத்தை மீட்கச் சொல்லி, அவரே விரித்து எழுதினார். அந்த மக்களைப் புண்படுத்தும் சொல் வேண்டாம் என்று சிலர் எதிர்த்தார்கள். திருத்துபவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் அவர் எழுதினார்: "அந்த மக்களில் நானும் ஒருத்தி. யார் சொன்னார், யாரைச் சொன்னார், அதனால் என்ன ஆனது என்பது இங்கே இருக்கட்டும்." அவர் தன்னைப் பற்றி அங்கே எழுதியது அந்த ஒரு முறைதான். பக்கம் நிலைத்தது. இன்றும் இருக்கிறது.

தனக்கு வலிக்கிறது என்பதற்காக விதியை வளைக்காதவர் அமுதா. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அதைத்தான். போன வாரம், நான் வாக்களிக்கும் கட்சி உருவாக்கிய புதுச்சொல் ஒன்றின் பக்கம், நீக்கலாமா என்ற விவாதத்துக்கு வந்தது. அழகான சொல், எனக்குப் பிடித்த சொல். சான்றுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் கட்சிக்காரர்களே எழுதியவை.

‘நீக்கலாம்’ என்று எழுதி, என் பெயரைப் போட்டேன்.