கால் இழுத்துக்கொள்ளும் வரை

அன்று ஆபரேஷன் அறையில் டாக்டர் இருந்தார், கம்பவுண்டர் இருந்தார், கையில் நோட்டுப் புத்தகத்துடன் நான் இருந்தேன். மேசைமேல் முதுகை வளைத்துப் படுத்திருந்தவர் தேவனூர் நாட்டு விவசாயி, எனக்குப் பெரியப்பன் முறை. வெளியே அவர் மனைவியும், மனைவியின் தம்பியும். நர்சம்மா இல்லை. தங்கைக்குப் பிரசவம் என்று முந்தின நாள்தான் மலையிறங்கிப் போயிருந்தார்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அதில் வாழவந்தி நாட்டில் ஓடு போட்ட நாலு அறைதான் ஆஸ்பத்திரி. எங்கள் வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடம் போனவர் கிடையாது. எட்டாவது வரை படித்தவன், மலைப்பேச்சும் தெரிந்தவன் என்று டாக்டர் என்னை எழுத வைத்துக்கொண்டார். முகத்தில் துணி போட்டு மயக்கினால் கண் விழித்ததுமே வலியும் வாந்தியும் வந்துவிடும். முதுகுத்தண்டில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும், ஆள் விழித்தே இருப்பார். அப்படி ஊசி போட்டவர்களுக்கு வலி எத்தனை மணிக்குத் திரும்புகிறது, வலியை அடக்கும் மார்பியா எத்தனை முறை தேவைப்படுகிறது என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. அரை மணிக்கு ஒரு தரம் பாதத்திலும் முழங்காலிலும் தொப்புள் பக்கமும் குண்டூசியால் லேசாகக் குத்தி, தெரிகிறதா என்று கேட்டு எழுதுவது என் வேலை.

பெரியப்பனுக்குக் குடலிறக்கம். அதனால் போன மாசியில் மரமேறி மிளகு பறிக்க முடியவில்லை. இந்த மாசியில் ஏறியாக வேண்டும் என்றுதான் மார்கழிக் குளிரில் வந்து மேசைமேல் படுத்தார். இரண்டு மாதம் சுமை தூக்காமல் இருந்தால் ஏறலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். கத்தி வைத்தபிறகும் அவர் வாய் ஓயவில்லை.

“ஏனுங்க, என்ற காலெக் கழட்டிக் கம்பவுண்டருகிட்டக் குடுத்துட்டீங்களா?”

“பத்தரமா இருக்குதுங்க. போறப்ப வாங்கிக்கலாம்” என்றார் கம்பவுண்டர்.

நல்லபடியாக முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார், கம்பவுண்டரும் அவருடன் போனார். கால் ஏன் ஆடவில்லை என்று பெரியம்மா கேட்டார். மூன்று மணி நேரத்துக்குக் காலில் உயிர் இருக்காது, பயப்படவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஊசியைப் பற்றி அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டதாக நினைத்தேன்.

குளிரில் விறைத்து வந்தவரைப் படுக்கவைத்து, சுட்ட கல்லைத் துணியில் சுற்றி உள்ளங்காலில் வைப்பது எங்கள் மலையில் வழக்கம். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. சூடு பொறுக்காமல் கால் தானாக இழுத்துக்கொண்டால் போதும் என்று அர்த்தம். பெரியம்மாவின் தம்பி பின்கட்டு அடுப்பிலிருந்து கல் கொண்டுவந்ததை நான் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான், எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. பாதம் இரண்டையும் கம்பளியில் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். அதைப் பிரிக்கச் சோம்பல்பட்டு முழங்காலில் மட்டும் குத்திப் பார்த்தேன். தெரியவில்லை என்றார். பாதத்துக்கான கட்டத்திலும் அதையே எழுதினேன். மூன்று தரம் அப்படி எழுதினேன்.

பொழுது சாயும்போது வலி திரும்பியது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

“அறுத்த எடம் பரவால்ல கண்ணு. குதிகாலுதான் தீயா எரியுது.”

கம்பளியைப் பிரித்தேன். கல் சரிந்து அழுத்தியிருந்த வலது குதிகால் முழுக்கக் கொப்புளம், நடுவில் தோல் வெளுத்துப் போயிருந்தது. டாக்டரை ஓடிப்போய் அழைத்துவந்தேன். யார் வைத்தது என்று கேட்டார். பெரியம்மா மறைக்கவில்லை.

“காலு இழுக்கவே இல்லீங்க. குளுரு இன்னும் உள்ளயே கெடக்குதுன்னு மூணு தரம் கல்லு மாத்துனமுங்க.”

டாக்டர் மருந்து போட்டுக் கட்டிவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“பாதத்தைப் பாத்தியா?”

“இல்லீங்க.”

“மூணு தரமும்?”

“மூணு தரமும் இல்லீங்க.”

அந்த மூன்று கட்டங்களையும் அடித்தார். கீழே தம் கையாலேயே, சூடு வைக்கக் கூடாது என்று நான் சொல்லாததால் குதிகால் வெந்தது, என்று எழுதினார். அந்த ‘நான்’ அவர்தான். என் பெயரை அவர் எழுதவில்லை. மறுநாளிலிருந்து, ஊசி போடுமுன் வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்து இந்த மரப்பு குளிரால் வருவதில்லை என்று சொல்லும் வேலையும் எனக்கு வந்தது. பாதத்தைத் திறந்து பார்க்காமல் பிறகு ஒருநாளும் நான் எழுதியதில்லை.

வயிற்றுத் தையல் பன்னிரண்டாம் நாள் பிரித்தாயிற்று. குதிகால் ஆறப் பங்குனி ஆகிவிட்டது. ஏணியாகச் சாத்தும் ஒற்றை மூங்கிலில் பாதம் ஊன்றி நிற்காமல் மிளகு பறிக்க முடியாது. வாசலூர்பட்டியிலிருந்து இரண்டு ஆட்களை அழைத்தார்கள். அவர்கள் வேறு தோட்டத்தை முடித்துவிட்டு வருவதற்குள் பழுத்த மிளகில் ஒரு பங்கு உதிர்ந்தும் குருவி தின்றும் போயிற்று. டாக்டர் தம் பீஸ் எதுவும் வாங்கவில்லை. பெரியப்பன் என்மேல் கோபப்படவும் இல்லை. எழுதத் தெரிந்தவன் நீதானே, குதிகாலால் ஆன நஷ்டத்தைக் கூட்டிச் சொல்லு என்றார். இரண்டு ஆளுக்கு, ஆளுக்கு ஆறணா வீதம் ஒன்பது நாள், ஆறு ரூபாய் பன்னிரண்டணா. உதிர்ந்த மிளகு அவர் மதிப்பில் ஆறு ரூபாய். ஆக மொத்தம் பன்னிரண்டு ரூபாய் பன்னிரண்டணா.