மேம்பாலம் ஏறிய அம்பாசிடர்

சிறுசேரியில் இருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனி என் கணவரை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கழுத்தில் மாட்டுகிற அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கையும் குலுக்கி, "உங்கள் அடுத்த பயணத்துக்கு வாழ்த்துகள்" என்றார்களாம். நல்ல மனசு! அந்தப் பயணம் நேராக இரும்புலியூரில் எங்கள் படுக்கையறைக்கு வந்து நின்றது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். சாப்பிட எழுந்திருப்பார், மறுபடியும் சுவர். என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். மாதக்கணக்கில் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் அந்த முதுகிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பயமாக இருந்தது.

அதனால்தான், ஒரு நாள் காலையில் அவராகவே எழுந்து வந்து, "பழைய அம்பாசிடர் ஒண்ணு பார்த்திருக்கேன், நாமே ரெடி பண்ணிடலாம்" என்றபோது, துடைப்பத்தை எடுக்க வேண்டிய நான் "வாங்குங்க" என்றேன். எழுந்து நின்று பேசுகிறாரே, அது போதும் எனக்கு.

வண்டி லாரியில் வந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும் போல. பின்சீட்டில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்து காலுக்குக் கீழே பார்த்தால் தரை தெரிந்தது. எதிர்வீட்டு அண்ணன் தோளில் துண்டோடு வந்து சுற்றிப் பார்த்தார். அவர் குடும்பத்துக்கு இங்கே ஏரிக்கரை வரைக்கும் வயல் இருந்த காலம் உண்டு. இப்போது வயல் எல்லாம் கடைகளாகிவிட்டன, வாடகை வருகிறது. விற்க மனமில்லாமல் வைத்திருப்பது ஒரு டிராக்டர் மட்டும்தான்.

"இன்னா தம்பி, பேரீச்சம்பழத்துக்குப் போடற வண்டிய வூட்டுக்கு இட்டாந்துகீற?" என்றார்.

"அண்ணா, இது கிளாசிக்" என்றார் இவர்.

"அது சரி. ஓடாத வண்டிக்கு இப்ப அப்டி ஒரு பேரு கீதா?"

எங்கள் போர்டிகோ அன்றோடு என் கையை விட்டுப் போனது. வீடு கட்டும்போது ஊஞ்சல் மாட்ட வேண்டும் என்று மேஸ்திரியிடம் சண்டை போட்டு, கூரையில் கொக்கி வைக்கச் சொன்னவள் நான். ஊஞ்சல் மாடிக்குப் போனது. கொக்கியில் என்ஜினைத் தூக்குகிற செயின் பிளாக் தொங்கியது. துணி உலர்த்துகிற கொடியில் ஒயர்கள்.

கம்பெனி இவரை விட்டதே தவிர, இவர் கம்பெனியை விடவில்லை. சுவரில் வெள்ளைப் பலகை அடித்து, வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, "ஃபேஸ் ஒன்று: பாடி. ஃபேஸ் இரண்டு: என்ஜின்" என்று எழுதினார். தினமும் காபி குடித்ததும் போர்டிகோவில் நின்றபடியே மீட்டிங். கலந்துகொள்பவர்கள் இவர், நான், எதிர்வீட்டு அண்ணன். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப் போகிறோம், என்ன தடை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

"தடையா? நீ பேசிக்கினே கீறியே, அதான் தட. கைல ஸ்பேனர எடுப்பா" என்பார் அண்ணன்.

நான் ஒரு நாள், துணி உலர்த்த இடமில்லாததுதான் தடை என்றேன். "நோட் பண்ணிட்டேன், அடுத்த ஃபேஸ்ல பாக்கலாம்" என்றார் என் கணவர். அடப்பாவி மனுஷா!

ஆனால் வேலை நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். துருவைச் சுரண்டினார், தரைக்குத் தகடு வெட்டி வெல்டிங் வைக்க ஆள் கூட்டி வந்தார், கிரீம் நிறத்தில் பெயின்ட் அடித்தார். பழைய பெட்ரோல் என்ஜினைக் கழற்றி இறக்கினார். அதற்குப் பதிலாகப் போட, ஓய்வுபெற்ற டாக்ஸி ஒன்றிலிருந்து டீசல் என்ஜின் வந்தது. அதை நட்டு நட்டாகப் பிரித்து, கழுவி, பிஸ்டன் மாற்றி, மறுபடி பூட்டினார். பூட்டிய என்ஜினை போர்டிகோ மூலையில் இரண்டு பழைய டயர்கள் மேல் உட்கார வைத்து, என் கல்யாணத்துக்கு வந்த படுக்கை விரிப்பால் போர்த்தினார். கேட்காமல் எடுத்த விரிப்பு. சண்டை போடலாம் என்று போனேன். அவர் என்ஜினைத் துடைத்துக்கொண்டே ஏதோ மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சண்டையை ஒத்திவைத்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த மழைக்காலத்தில் ரெட் அலர்ட் வந்தது. எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்தச் செய்தியைக் கேட்டால் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், மேம்பாலத்தைத்தான் பார்ப்பார்கள். வீடு முழுகினால் முழுகட்டும், கார் நனையக் கூடாது. தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரைக்கும் எந்தப் பாலத்தில் இடம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பறக்கும். முதல் தூறலுக்கே பாலத்தின் ஓரம் முழுக்க வண்டிகள் வரிசை கட்டிவிடும்.

இவர் போர்க்களத்துத் தளபதி போல வேலையைப் பிரித்துக் கொடுத்தார். போர்வெல் மோட்டாரைக் கழற்றி மாடிக்கு ஏற்றினோம். ஃபிரிட்ஜ் கட்டில் மேல் ஏறியது. மிக்ஸி, கேஸ் சிலிண்டர், முறுக்கு அச்சு வரைக்கும் பரணுக்கும் மாடிக்கும் போனது. கடைசியில் அம்பாசிடர். அண்ணன் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டினார். என்ஜின் கனம் இல்லாததால் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுக் கேட்கப் போகிற வேட்பாளர் மாதிரி எல்லோருக்கும் கை காட்டினார் என் கணவர். நான் பக்கத்தில், மடியில் எலுமிச்சம்பழச் சாதத் தூக்கோடு.

பாலத்தில் எங்களுக்குத்தான் மவுசு. வரிசையில் நின்ற வெள்ளைக் கார்க்காரர்கள் எல்லாம் குடையோடு வந்து செல்ஃபி எடுத்தார்கள். "இந்த மாதிரி தகடு இப்ப எந்த வண்டியில சார் இருக்கு?" என்று கதவைத் தட்டிப் பார்த்தார் ஒருவர். இவருக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் இருந்தபோதுகூட இவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. மழையில் நனைந்துகொண்டு துருவைப் பற்றியும் பெயின்ட்டைப் பற்றியும் விளக்கினார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது அந்தக் கதவு தட்டியவர் கேட்டார்: "என்ஜின் என்ன போட்டிருக்கீங்க சார்? கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்."

இவர் பேச்சு வேகத்தில் பெருமையோடு பானெட்டைத் தூக்கினார். எல்லோரும் குனிந்தார்கள். உள்ளே பாலத்துத் தார் தெரிந்தது. அதில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

என் கணவர் பானெட்டைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயோ, என்ஜின்" என்றார்.

முறுக்கு அச்சைக் காப்பாற்றியிருந்தோம். என்ஜின் டயர்கள் மேல், என் விரிப்புக்குள், தரையோடு தரையாக இருந்தது. அது அடுத்த ஃபேஸ் ஆயிற்றே, யாருக்கு ஞாபகம் வரும்!

"நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"நீங்கதானே மேனேஜர்!" என்றேன். வாய் சும்மா இருக்கிறதா பாருங்கள்.

அண்ணன் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, பாதி வழியிலேயே திரும்பி வந்தார். "தெருவுல இடுப்பளவு தண்ணி நிக்குது தம்பி. பேஜாரு. வுட்டுடு" என்றார். இவர் காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

தண்ணீர் வடியும் வரைக்கும் சேலையூரில் நாத்தனார் வீட்டில் இருந்தோம். திரும்பி வந்து விரிப்பை விலக்கியபோது, என்ஜினின் இடுக்கெல்லாம் சேறு. இவர் ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் காபி நிறத்தில் இருந்தது, உள்ளே தண்ணீர் போயிருந்தது. கம்பியைத் துடைத்து மறுபடி செருகினார். உள்ளே போனார். ஈரச் சுவர் என்றும் பார்க்காமல் அதே பக்கம் திரும்பிப் படுத்தார்.

"டீசல் வுட்டு அலசிடலாம் தம்பி, ஒண்ணும் ஆவாது" என்று வாசலில் நின்று குரல் கொடுத்தார் அண்ணன். இவர் எழுந்து வரவில்லை. மறுநாளும் இல்லை. காபி ஆறிப்போனது. அதே முதுகு. பழையபடி ஆகிவிட்டதே!

அழத்தான் போர்டிகோவுக்குப் போனேன். என்ஜினைப் பார்த்ததும் அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கம்பெனி மேல், மழை மேல், மிக்ஸியைத் தூக்கிய என் புத்தி மேல். எடுத்தேன் ஸ்பேனரையும் சுத்தியலையும். மேலே இருந்த ஒரு நட்டில் ஸ்பேனரை மாட்டி, சுத்தியலால் ஓங்கி அடித்தேன்.

"யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தான். இதைப் பிரிச்சு காயலான்கடைக்குப் போடப் போறேன்."

மறுபடி அடித்தேன்.

"ஏய், ஏய்! அடிக்காத! திருகறது அந்தப் பக்கம் இல்லடி, இந்தப் பக்கம்! உடைஞ்சிடும்!"

லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். என் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினார். நட்டை எப்படிக் கழற்ற வேண்டும் என்று தெரியாதா, சுத்தியல் எதற்கு, மூளை என்று ஒன்று இருக்கிறதா, இத்தனை நாள் பக்கத்தில் நின்று என்னத்தைப் பார்த்தாய் என்று வாய் ஓயாமல் திட்டினார். திட்டிக்கொண்டே குந்தி உட்கார்ந்து அந்த நட்டைக் கழற்றினார். அடுத்ததைக் கழற்றினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் திட்டி நான் பதில் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

நடுவில் அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்க்கிற மாதிரி என்ஜினையே பார்த்தார். நான் இன்னொரு ஸ்பேனரை எடுத்து, எனக்குத் தெரிந்தே தப்பான பக்கம் திருகினேன்.