ஆட்டின் பக்கத்து நியாயம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். 1991-இல் வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆறாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தேன். நான் பாடம் நடத்துவதை என் அம்மா ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த வருடம் பள்ளிக்குப் பின்னால் பிள்ளைகளை ஆளுக்கொரு பூவரசங்கன்று நடவைத்தேன். வாரம் ஒருமுறை, கன்றே பேசுவதுபோல் எழுத வேண்டும். ‘நேற்று என்மேல் தட்டான் உட்கார்ந்தது. கூசியது’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான்.

எங்கள் பக்கம் அறுப்பு முடிந்ததும் ஆடுகளைக் கயிறு அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அடுத்த நடவு வரை எவர் வயலிலும் மேயலாம், கேள்வி கிடையாது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கன்றுகளில் குச்சிதான் மிச்சம். வாயில் இலையோடு நின்றவை எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியின் வீட்டு ஆடுகள்.

“உங்க வூட்டு ஆடு எல்லாத்தையும் தின்னுடுச்சுடி!” என்று கத்தினான் தட்டான் உட்கார்ந்ததை எழுதிய பையன். “டீச்சர், இவளையும் ஆட்டோட கட்டிப் போடுங்க!”

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அவள் வீட்டிலும் அவள்தான் முதல் ஆள். நின்றால் அதோடு சரி. தேடிப் போனேன்.

“பசங்க மானத்த வாங்குறானுங்கோ, டீச்சரம்மா. ஆடு மேய்க்கவும் ஆள் இல்ல. படிச்ச வரைக்கும் போதும்” என்றார் அவள் அப்பா.

“கன்னு பேசறத எல்லாரும் எழுதிட்டாங்கண்ணா. ஆடு பேசறத யாருமே எழுதல. நாளைக்கு அத மட்டும் எழுதிக்கினு வரட்டும்.”

“ஆடு பேசறதா? அது கத்தறதே தாங்கல!” என்று சிரித்துவிட்டார்.

மறுநாள் வந்தாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். அவள் எழுந்து வாசித்தாள்:

‘அறுப்பு முடிந்தது, எங்கேயும் மேய் என்று கயிற்றை அவிழ்த்தது நீங்கள். இங்கே வராதே என்று ஒரு முள்ளாவது வைத்தீர்களா? ஏரியே காய்ந்து கிடக்கிறது. பச்சையாக இருந்தது இது ஒன்றுதான். துவர்த்தது. ஆனாலும் தின்றேன். என் வயிற்றில் குட்டி இருக்கிறது.’

அவளைக் கட்டிப் போடச் சொன்ன பையன்தான் முதலில் கேட்டான்: “டீச்சர், அதுக்கு இன்னும் பசிக்குமா?”

அன்று மதியமே எல்லோரும் முள் வெட்டி வந்து வேலி போட்டோம். வேலிக்கு உள்புறம் ஆடுகளுக்கென்று வரிசையாக அகத்தி விதைத்தோம். குச்சிகளும் மெல்லத் துளிர்த்தன.

அகத்தி ஆள் உயரம் வந்தபிறகு, தழை ஒடிக்க அவள் அப்பா அடிக்கடி வருவார். மகளை ஏழாம் வகுப்பில் விட்டுவிட்டு, அரிவாளோடு வேலிப்பக்கம் போவார். வழியில் யாராவது, “இன்னா, பொண்ண இன்னுமா படிக்க வெக்கிற?” என்று கேட்டால் போதும், நின்றுவிடுவார்.

“நிறுத்துவேனா? எங்க வூட்டு ஆட்டையே பேச வெச்சவ ஆச்சே!”