சலூனில் வளர்ந்த மேதை

எங்கள் தெரு சலூன்காரருக்குக் கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. அவர் மகள் பேசப் பழகியதே அந்தக் கடையில்தான். பள்ளி விட்டதும் காலியாக இருக்கும் சுழல்நாற்காலியில் ஏறிக்கொண்டு கேள்வியாகக் கேட்டுத் தள்ளுவாள். அவர் தெரிந்ததைச் சொல்வார். தெரியாததற்கு, தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நாங்கள் ஆளுக்கொன்று அளந்துவிடுவோம். அவள் ஒன்றையும் லேசில் நம்பமாட்டாள்.

வந்தது வினை. பள்ளியில் ஏதோ சோதனை வைத்து, "உங்க பொண்ணு மேதை" என்று சொல்லிவிட்டார்கள். மேதைக் குழந்தைகளுக்கு ஒரு மையம். அவர்களைப் பெற்ற பாவத்துக்குப் பெற்றோருக்கும் வகுப்பு. அங்கே ஆலோசகர் அம்மா சொன்னார்: "புள்ள கேள்வி கேட்டா உடனே பதில் சொல்லிடாதீங்க. முதல்ல கேள்வியைப் பாராட்டுங்க."

சலூன்காரர் பாராட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 'உடனே' என்ற சொல்லை மட்டும் வரும் வழியில் எங்கேயோ தவறவிட்டார். பிறகென்ன, வீடெல்லாம் கைதட்டல்தான்.

"மழை எப்பப்பா நிக்கும்?"

"அருமையான கேள்வி!"

"அம்மா, என் இன்னொரு செருப்பு எங்க?"

"அருமையான கேள்வி!"

கடைக்கு வரவும் அவளுக்குத் தடை. எங்கள் வெட்டிப்பேச்சு மேதை மூளையைக் கெடுத்துவிடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் வளர்த்த மூளை ஐயா அது!

கொஞ்ச நாளில் அவள் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். பிறகு பேச்சும் குறைந்தது. ஒருநாள் என் கிருதாவை ஒரு பக்கம் ஏற்றி, மறுபக்கம் இறக்கி வெட்டிவிட்டு, சலூன்காரர் கண் கலங்கினார். "மேதைத்தனம் போனா போகுதுங்க. புள்ள பேசவே மாட்டேங்குதே!"

அப்படியே கடையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, அவளை மையத்துக்கு அழைத்துப் போனார். நான் கோணல் கிருதாவோடு காவல் இருந்தேன்.

மகளோடு திரும்பி வந்தவர் முகம் கடுகடுவென்றிருந்தது. ஏன் கேள்வி கேட்பதில்லை என்று ஆலோசகர் விசாரித்தாராம். "கேட்டா எல்லாரும் கைதட்டுறாங்க, பதில்தான் யாரும் சொல்றதில்ல" என்றாளாம் இவள்.

"அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"'அருமையான கவனிப்பு'ன்னு கைதட்டினாங்க."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கையில் சீப்பும் மறுகையில் கத்தரியுமாக என் கிருதாவைச் சமன் செய்ய நின்றார். அவள் மெல்லப் பழைய நாற்காலியில் ஏறினாள். கண்ணாடியில் அப்பாவின் கத்தரியை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, முடியை வெட்டினா வலிக்கல. இழுத்தா மட்டும் ஏன் வலிக்குது?"

சலூன்காரரின் இரண்டு கைகளும் தாமாக மேலே எழும்பின. நல்லவேளை, தட்ட முடியாமல் சீப்பும் கத்தரியும் குறுக்கே நின்றன.

"வேர்ல உசுரு இருக்கும்மா. நுனியில இல்ல."

"நுனியில ஏன் இல்ல?"

அவர் விழித்தார். "தெரியலையேம்மா."

அவள் நாற்காலியை என் பக்கம் சுழற்றினாள். "உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"உசுருக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாதும்மா. கால் வலிக்கும்."

"பொய்!"

சலூன்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தக் குலுக்கலில் என் மறுபக்கக் கிருதா முழுசாகப் போயிற்று. போனால் போகிறது. அவள் அடுத்த கேள்வியை ஆரம்பித்திருந்தாள்.